கணுக்கால் காயமும் சொக்சோ விழுக்காடும்: குறைவாக மதிப்பிடப்பட்டால் மேல்முறையீடு செய்வது எப்படி?

எக்ஸ்-ரே படத்தைப் பார்த்து "எலும்பு கூடிவிட்டது" என்று மருத்துவர் எழுதும் நாளிலேயே, வேலை விபத்தில் அடிபட்டு இழப்பீடு கோரும் நம் தொழிலாளர்கள் பலருடைய கணுக்கால் வழக்கு பாதி தோற்றுவிடுகிறது. எலும்பு கூடுவது வேறு, கணுக்கால் மீள்வது வேறு. எலும்பு கூடியதைப் படம் காட்டிவிடும். கால் மீளவில்லை என்பதை யாராவது அளந்து, எண்ணாக எழுதி, கோப்பில் சேர்த்தால்தான், நிரந்தர இயலாமையை விழுக்காட்டில் மதிப்பிடும் மருத்துவ வாரியத்தின் கண்ணில் அது படும்.

பினாங்கில் தொழிற்சங்க உறுப்பினர்களோடு சொக்சோ எனப்படும் மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் அலுவலகத்துக்கும் மருத்துவமனைகளுக்கும் துணையாகப் போய்வந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞனும் அல்லன், மருத்துவனும் அல்லன். ஆனால் பிறையிலும் பாயான் லெப்பாசிலும் வேலை செய்யும் நம் மக்கள், நியாயமாகத் தங்களுக்குச் சேர வேண்டியதைத் தாள் குறைவால் இழப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது இனியும் நடக்கக்கூடாது என்பதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

எந்த முடிவை எதிர்க்கிறீர்கள்?

சொக்சோவிலிருந்து வந்த கடிதத்தை முதலில் நிதானமாகப் படியுங்கள். நம்மவர்கள் எல்லாவற்றையும் "சொக்சோ ரிஜெக்ட் பண்ணிட்டாங்க" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அங்கே இரண்டு வெவ்வேறு முடிவுகள் இருக்கின்றன, அவற்றுக்கு வழிகளும் வெவ்வேறு.

ஒன்று, இது வேலை தொடர்பான விபத்தே அல்ல என்று சொக்சோ மறுப்பது. அது சட்டக் கேள்வி. 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்கு, அதாவது ஜெமாஆ ராயுவான் கெசெலாமாத்தான் சோசியலுக்கு, அது போகும். மற்றொன்று, விபத்தை ஏற்றுக்கொண்டு, நிரந்தர இயலாமை இல்லை என்றோ குறைவான விழுக்காடுதான் என்றோ மருத்துவ வாரியம் மதிப்பிடுவது. அது மருத்துவக் கேள்வி. ஜெமாஆ டோக்டர் ராயுவான் எனப்படும் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்துக்கு அது போகும். கணுக்கால் வழக்குகளில் நான் அதிகம் பார்த்தது இரண்டாம் வகையைத்தான், ஆகவே அதைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன். முதல் வகையைப் பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இன்னும் நிரந்தர இயலாமைப் பயனுக்கே விண்ணப்பிக்காதவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: தற்காலிக இயலாமைப் பயன் முடிந்த கடைசி நாளிலிருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். எம்.சி. எனப்படும் மருத்துவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியதும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, கணுக்கால் மறுபடி வீங்கத் தொடங்கும்போது நாள் கடந்திருக்கும்.

இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது பாதுகாவலர் வேலை பார்ப்பவர்களும் நம்மிடையே உண்டு. படையில் இருந்தபோது பட்ட காயம் சொக்சோவின் கீழ் வராது. அதற்கு முன்னாள் வீரர்கள் விவகாரத் துறையை அணுக வேண்டும். ஓய்வுக்குப் பின் தனியார் வேலையில் அதே கணுக்காலில் மீண்டும் அடிபட்டிருந்தால், பழைய காயத்தை மறைக்காதீர்கள். பழைய மருத்துவப் பதிவுகளில் அது எப்படியும் இருக்கும். விபத்துக்கு முன் அந்தக் காலோடு என்னென்ன வேலை செய்தீர்கள், இப்போது எது முடியவில்லை என்ற வேறுபாட்டைக் காட்டுவதே உங்களுக்கு வலு.

ஏழு விழுக்காடு கூடினால் என்ன கிடைக்கும்?

மேல்முறையீடு செய்வது அந்த அலைச்சலுக்குத் தகுமா என்று பலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் சராசரி நாள் ஊதியம் சொக்சோ கணக்கில் 80 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். நிரந்தர இயலாமைப் பயனின் நாள் விகிதம் அதில் 90 விழுக்காடு, அதாவது 72 ரிங்கிட். வாரியம் 15 விழுக்காடு கொடுத்தால் நாளுக்கு 10.80 ரிங்கிட், 22 விழுக்காடு கொடுத்தால் 15.84 ரிங்கிட்.

வேறுபாடு ஐந்து ரிங்கிட் என்று தோன்றலாம், ஆனால் இடையில் 20 விழுக்காடு என்ற எல்லைக்கோடு இருக்கிறது. 20 விழுக்காட்டைத் தாண்டாத மதிப்பீட்டில் பயன் முழுவதையும் ஒரே தொகையாக மாற்றிப் பெறலாம். தாண்டினால் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் ஒரே தொகையாகப் பெற முடியும், மீதி மாதந்தோறும் ஆயுள் முழுக்க வரும். மேலே சொன்ன கணக்கில் ஒரு பங்கை எடுத்த பிறகும் 30 நாளுக்கு ஏறத்தாழ 380 ரிங்கிட் வந்துகொண்டிருக்கும். முப்பது வயதில் கால் போனவருக்கு இது சிறு தொகையல்ல. ஒவ்வொரு கணுக்கால் காயமும் 20 விழுக்காட்டைத் தாண்டும் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலானவை தாண்டா. எல்லைக்கோட்டுக்கு அருகில் இருப்பவர் ஒரு அளவீடு விடுபட்டதால் இந்தப் பக்கமே நின்றுவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

90 நாள்

மருத்துவ வாரியத்தின் முடிவை எதிர்க்க, முடிவு கிடைத்ததிலிருந்து 90 நாள் அவகாசம் உண்டு. கடிதம் கையில் கிடைத்த நாளை அதன் மேலேயே எழுதிவையுங்கள், உறையைத் தூக்கி எறியாதீர்கள். மூன்று மாதம் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். அரசு மருத்துவமனையில் நிபுணரின் அறிக்கைக்கு எழுதிக் கொடுத்து, கட்டணம் கட்டி, அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே கடிதம் வந்த வாரத்திலேயே மருத்துவமனையின் பதிவுப் பிரிவுக்குப் போய் அறிக்கைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். எண்பதாம் நாள் ஆகியும் அறிக்கை வரவில்லையென்றால் அதற்காகக் காத்திருக்காமல் மேல்முறையீட்டைக் கொடுத்துவிட்டு, அறிக்கை பின்னால் வரும் என்று கடிதத்தில் குறிப்பிடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளின் நகலிலும் அலுவலக முத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.

கணுக்காலைப் பற்றி நீங்களே தெரிந்துகொள்ள வேண்டியது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் காலில் என்ன கெட்டிருக்கிறது என்று உங்களுக்கே தெரியாவிட்டால், எதை அளக்கச் சொல்வது என்றும் தெரியாது.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் இறங்கிவந்து, உள் கணுவாகவும் வெளிக் கணுவாகவும் புடைத்து நிற்கின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே, கவ்விப் பிடித்த மாதிரி தாலஸ் என்ற எலும்பு உட்கார்ந்திருக்கிறது. உடலின் முழு எடையும் அந்தச் சிறிய எலும்பின் மேல்தான் இறங்குகிறது. இந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் என்ன ஆகும் என்பதை ராம்சி, ஹாமில்டன் என்ற இரு மருத்துவர்கள் 1976-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது: தாலஸ் வெளிப்பக்கமாக ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், மூட்டில் எலும்போடு எலும்பு தொடும் பரப்பு சராசரியாக 42 விழுக்காடு குறைந்துபோகிறது. அதே எடை குறைந்த இடத்தில் அழுந்தும்போது குருத்தெலும்பு தேய்கிறது. இடுப்பிலும் முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருவது, கணுக்காலிலோ அது பெரும்பாலும் பழைய காயத்தால் வருவது. "உங்களுக்கு வயசாயிடுச்சு, அதான் வலி" என்று யாராவது சொன்னால் இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, தசைநார். கால் உள்பக்கமாகப் புரளும்போது வெளிக்கணுவுக்கு முன்னால் இருக்கும் தசைநார்தான் பெரும்பாலும் முதலில் கிழிகிறது. எலும்பு முறியாமல் இது மட்டும் கிழிந்திருந்தால் எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாது. "சுளுக்கு" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்தும் சமமில்லாத தரையில் கால் தானாகப் புரள்கிறது என்றால் அது நிலையின்மை. அதற்குத் தனிச் சோதனை உண்டு, எம்.ஆர்.ஐ. படமும் உதவும்.

மூன்றாவது, அசைவு. நல்ல கணுக்கால் மேல்நோக்கிச் சுமார் 20 பாகையும் கீழ்நோக்கிச் சுமார் 50 பாகையும் மடங்கும். மேல்நோக்கி மடங்கும் அந்த 20 பாகையில்தான் நம் அன்றாட வாழ்க்கை இருக்கிறது: படி இறங்குவது, குந்தி உட்காருவது, சரிவில் நடப்பது, ஏணியில் கால் வைப்பது எல்லாமே. அதில் 15 பாகையை இழந்தவர் சமதரையில் நடக்கும்போது பார்ப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. வாரிய அறைக்குள் அவர் நான்கு அடி நடந்து வந்தால் நன்றாக நடக்கிறார் என்றே தோன்றும்.

மருத்துவரிடம் எதைக் கேட்பது

நிபுணரிடம் போய் "எனக்கு நல்ல ரிப்போர்ட் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பதில் பயனில்லை, அவருக்கும் அது சங்கடம். அளவுகளைக் கேளுங்கள். இரண்டு கணுக்கால்களின் அசைவையும் கோணமானியால் அளந்து, பாகைக் கணக்கில் பக்கம் பக்கமாக எழுதித் தரச் சொல்லுங்கள். "அசைவு சற்றுக் குறைவு" என்ற வரிக்கும் "இடது கால் மேல்நோக்கி 5 பாகை, வலது கால் 20 பாகை" என்ற வரிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. கெண்டைக்காலின் சுற்றளவை முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரே தொலைவில் இரு கால்களிலும் நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் ஊன்றாத காலில் தசை இளைத்திருக்கும், அதை யாராலும் நடித்துக் காட்ட முடியாது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கும் சோதனையில் எத்தனை முறை தூக்க முடிந்தது என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள்.

எக்ஸ்-ரே எடுப்பதானால் நின்றபடி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். படுத்த நிலையில் எடுத்த படத்தில் மூட்டு இடைவெளி சரியாக இருப்பதுபோலத் தோன்றும். உடல் எடை இறங்கும்போதுதான் இடைவெளி சுருங்குவது தெரியும். தகடும் திருகாணியும் இன்னும் உள்ளே இருந்தால், அவை எந்த இடத்தில் உறுத்துகின்றன, எடுப்பதாகத் திட்டம் இருக்கிறதா என்பதும் அறிக்கையில் வர வேண்டும். மூட்டை அசையாமல் இணைக்கும் அறுவை சிகிச்சை பிற்காலத்தில் தேவைப்படலாம் என்று நிபுணர் கருதினால், அந்த ஒரு வரி மிக முக்கியமானது. ஃபிசியோதெரபி அட்டைகளை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வருகையிலும் அங்கே அளவு எழுதியிருப்பார்கள், முன்னேற்றம் எந்த மாதத்தோடு நின்றுவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

உங்கள் வேலையை நீங்களே எழுதுங்கள்

மருத்துவர் காலை அளப்பார், உங்கள் வேலையை அவர் பார்த்ததில்லை. இரண்டு பக்கத்துக்குள் உங்கள் வாக்குமூலத்தை எழுதுங்கள். தமிழில் யோசித்து எழுதி, பிறகு மலாய்க்கு மாற்றிக்கொள்ளலாம்.

இங்கே பொதுவான புலம்பலைத் தவிர்த்து, செயலும் நேரமும் எண்ணும் இருக்கும்படி எழுத வேண்டும். "நிற்க முடியவில்லை" என்பதைவிட, "உற்பத்தி வரிசையில் 12 மணி நேர ஷிப்டில் மூன்றாம் மணி நேரத்துக்குப் பிறகு கணுக்கால் வீங்குகிறது, மாலையில் பாதுகாப்புக் காலணியைக் கழற்றினால் மீண்டும் போட முடிவதில்லை" என்பது ஆயிரம் மடங்கு மேல். கிடங்கில் வேலை செய்த ஒரு நண்பர் முதல் முறை வாரியத்துக்குப் போனபோது, "வலிக்குது" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. மேல்முறையீட்டுக்கு உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது: அவருடைய கப்சாய் மோட்டார் சைக்கிளின் கியரை மாற்றுவது இடது கால், காயம் பட்டதும் இடது கால், அதனால் அவர் எட்டு மாதமாக மைத்துனரின் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போகிறார். இதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு பழகிப்போயிருந்தது.

வீங்கிய காலை மாலையில், காலணியின் அச்சு தெரியும்படி, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். வாரியம் பெரும்பாலும் காலையில் கூடும், அப்போது வீக்கம் வடிந்திருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு நாட்குறிப்பு வைத்தால் போதும், ஓராண்டுக் குறிப்பு யாருக்கும் வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படியேற முடியவில்லை என்ற வருத்தத்தையும் எழுதலாமா என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். எழுதுங்கள் என்றேன். ஆனால் முதலில் வீட்டு மாடிப்படியை எழுதுங்கள், அதில் எத்தனை படி, இறங்கும்போது எந்தக் கால் முன்னே போகிறது, கைப்பிடி இல்லாமல் முடிகிறதா என்று. மலைப்படி ஆண்டுக்கு ஒரு முறை, வீட்டுப்படி நாளுக்கு ஆறு முறை.

மேலாளரிடமோ சக தொழிலாளியிடமோ, நீங்கள் வேறு வேலைக்கு மாற்றப்பட்டதையும் ஓவர்டைம் குறைந்ததையும் உறுதிப்படுத்தும் ஒரு கடிதம் வாங்க முடிந்தால் வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் விபத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சம்பளச் சீட்டுகளே அதைச் சொல்லும்.

மேல்முறையீட்டுக் கடிதம்

கடிதம் ஒரு பக்கம் போதும். உங்கள் பெயர், அடையாள அட்டை எண், விபத்து நடந்த நாள், முடிவுக் கடிதத்தின் எண், தேதி ஆகியவை மேலே வரட்டும். அடுத்து, எந்த முடிவை ஏற்கவில்லை என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பிறகு காரணங்கள். "முதல் மதிப்பீட்டின்போது கணுக்காலின் அசைவு அளக்கப்பட்டதாகப் பதிவில் இல்லை. இணைப்பிலுள்ள நிபுணர் அறிக்கைப்படி மேல்நோக்கிய அசைவு 5 பாகை மட்டுமே உள்ளது" என்பதுபோல, ஒவ்வொரு காரணமும் இணைப்பிலுள்ள ஒரு தாளைச் சுட்ட வேண்டும். மருத்துவர்கள் மேல் குறை சொல்லும் வரிகளை நீக்கிவிடுங்கள். கோபம் நியாயமாக இருக்கலாம், ஆனால் அது எந்த விழுக்காட்டையும் கூட்டாது.

வாரியத்தின் முன்

காலைத் திறந்து காட்ட எளிதான உடையில் போங்கள். அன்றாடம் கட்டும் கணுக்கால் பட்டையையும் ஊன்றுகோலையும் கொண்டுபோங்கள். வழக்கமாகப் பயன்படுத்தாத ஊன்றுகோலை அன்றைக்கு மட்டும் எடுத்துப் போகவே கூடாது. தேய்ந்த காலணியையும் எடுத்துச் செல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த அடிப்பாகம் நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்பதைக் காட்டும். வலி மாத்திரை போட்டிருந்தால் எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

மருத்துவர் காலை மடக்கும்போது பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது நம்மவர்களின் பழக்கம், குறிப்பாக ஆண்களின் பழக்கம். வலி தொடங்கும் இடத்தில் "இங்கே வலிக்கிறது, டாக்டர்" என்று சொல்லுங்கள். மிகைப்படுத்தவும் வேண்டாம். முடிகிறதைச் சொன்னால்தான் முடியாததை நம்புவார்கள். மலாயில் விளக்கமாகப் பேசத் தயக்கம் உள்ளவர்கள் எழுதிவைத்த வாக்குமூலத்தை முதலிலேயே நீட்டிவிட வேண்டும்.

விபத்தையே ஏற்கவில்லை என்றால்

வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்துகளில்தான் இந்தச் சிக்கல் அதிகம். சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணம், வேலை தொடர்பான பயணம், அனுமதிக்கப்பட்ட இடைவேளையில் சாப்பிடப் போய்வரும் பயணம் ஆகிய மூன்றும் பாதுகாப்புக்குள் வருகின்றன. வழியை விட்டு விலகியிருந்தாலோ பயணத்தை இடையில் நிறுத்தியிருந்தாலோதான் கேள்வி எழும். போலீஸ் புகார், வழியைக் காட்டும் வரைபடம், வருகைப் பதிவு, முதல் சிகிச்சையின் நேரம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சாலை விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும். முதலாளி, விபத்து தமக்குத் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். முதலாளி அறிவிக்காமல் இருந்தால், எம்.சி.யையும் போலீஸ் புகாரையும் எடுத்துக்கொண்டு நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்தின் முன் சாட்சியமும் சட்ட வாதமும் உண்டு. முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். இந்தப் பாதையில் தனியாகப் போகாதீர்கள். தொழிற்சங்கத்தையோ, பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகுங்கள்.

முடிவு வந்த பிறகு

மேல்முறையீட்டில் விழுக்காடு கூடினாலும் கூடாவிட்டாலும் கோப்பை மூடிவிட வேண்டாம். மதிப்பீடு தற்காலிகமானதா இறுதியானதா என்று கடிதத்தில் பாருங்கள். தற்காலிகம் என்றால் மறு மதிப்பீட்டு நாளைக் காலண்டரில் குறித்துவைத்து, அதற்கு முன்பே புதிய அளவுகளை எடுத்துவிடுங்கள். இறுதி மதிப்பீடாக இருந்தாலும், காயத்தின் விளைவு எதிர்பாராத அளவுக்கு மோசமானால் மறுபரிசீலனை கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. காயத்துக்குப் பிந்தைய மூட்டுத் தேய்மானம் சில சமயம் ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது அதே மருத்துவமனையில் காலைக் காட்டி, அளவுகளைப் பதிவாக்கிக்கொண்டே இருங்கள்.

பழைய வேலைக்குத் திரும்ப முடியாத நிலை என்றால், 2007 முதல் நடந்துவரும் சொக்சோவின் வேலைக்குத் திரும்பும் திட்டத்தைக் கேளுங்கள். மலாக்காவில் உள்ள துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையத்தில் சிகிச்சையோடு தொழிற்பயிற்சியும் உண்டு. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே இதைப் பற்றி உங்கள் சொக்சோ அலுவலகத்தில் கேட்கலாம். அங்கே எடுக்கப்படும் அளவுகளின் நகலையும் கேட்டு வாங்கி, அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.